கரிசல் நிலத்தில் வேளாண் – தொழில் இணைப்புகளை அளவிடுதல்: கோவில்பட்டி வட்டாரத்தை முன்வைத்து ஒரு பொருளியல் வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு வட்டாரத்தின் வேளாண்மை அதன் பிற துறைகளோடு எவ்வளவு பிணைந்துள்ளது என்பதை அளவிட உள்ளீடு–வெளியீடு அட்டவணை, சமூகக் கணக்கு அணி, வருமானப் பெருக்கி ஆகிய கருவிகளைப் பொருளியலார் கையாள்கின்றனர். இக்கருவிகள் பெரும்பாலும் பாசன நெல் வட்டாரங்களில் சோதிக்கப்பட்டவை. தமிழகத்தில் இதற்குப் பெயர்பெற்ற சான்று வட ஆர்க்காடு மாவட்ட ஆய்வாகும். மானாவாரிக் கரிசல் நிலமான கோவில்பட்டி வட்டாரத்திற்கு அதே கருவிகளைப் பொருத்தினால் வேளாண்மை பிற துறைகளோடு தொடர்பற்ற துறையாகவே தோன்றும். ஆயின் பருத்தி வணிகம், மகமை, நூற்பாலை, தீப்பெட்டித் தொழில் ஆகியவற்றின் வரலாறு வேறொரு முடிவைத் தருகிறது. சரக்கு வழியாக அன்றி உழைப்பு, முதல், கல்வி ஆகியவற்றின் வழியாக இயங்கிய இணைப்புகளை அளவிடும் சட்டகம் ஒன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கரிசல், கோவில்பட்டி, மானாவாரி, முன்னோக்கு இணைப்பு, பின்னோக்கு இணைப்பு, பெருக்கி, கசிவு, மகமை, தீப்பெட்டித் தொழில்.

1. முன்னுரை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சுற்றிய கரிசல் நிலப்பரப்பு, தமிழகப் பொருளியல் வரலாற்றில் ஒரு புதிராக அமைந்துள்ளது. ஆற்றுப்பாசனம் இல்லை, மழையை நம்பிய வெள்ளாமை, அடிக்கடி வறட்சி. இத்தகைய நிலத்தில் நூற்பாலைகளும், தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களும் வேரூன்றின. வளமான வேளாண்மையே தொழிலுக்கு அடித்தளம் என்னும் வழக்கமான கருத்து இங்குப் பொருந்தவில்லை. வேளாண்மைக்கும் தொழிலுக்கும் இங்குத் தொடர்பே இல்லையென்று கொள்வதா? அல்லது தொடர்பு இருந்தும் அது நம் அளவுகோலுக்கு அகப்படவில்லை என்று கொள்வதா? இவ்வினாவே இக்கட்டுரையின் கருதுகோளுக்கு அடிப்படை.

இவ்வினா வெறும் கோட்பாட்டு ஆர்வத்தால் எழுந்ததன்று. அரசின் முதலீடு எத்துறைக்கு, எவ்வட்டாரத்திற்குச் செல்லவேண்டும் என்பதற்கு இணைப்பு அளவீடுகள் சான்றாகக் காட்டப்படுகின்றன. இணைப்பு குறைவு என்று மதிப்பிடப்பட்ட துறை முதலீட்டுக்குத் தகுதியற்றதாகிறது. எனவே அளவுகோலில் உள்ள பிழை, மானாவாரிச் சம்சாரியின் வாழ்வைத் தொடும் பிழையாகிறது.

2. அளவீட்டு முறைகளின் வரலாறு

துறைகளுக்கிடையேயான பொருளோட்டத்தை ஒரே அட்டவணையில் காட்டும் முயற்சி 1758ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா கெனே வெளியிட்ட பொருளாதார அட்டவணையிலிருந்து தொடங்குகிறது. வேளாண்மை ஒன்றே உபரியை உண்டாக்குவது என்று கருதிய கெனே, அவ்வுபரி நில உடைமையாளர் வழியாகக் கைவினைஞரைச் சென்றடைந்து மீண்டும் உழவரிடம் திரும்பும் சுழற்சியைக் கோடுகளால் காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் வாசிலி லியோன்டிஃப் 1936இல் வெளியிட்ட ஆய்வு, இக்கருத்தை அணிக்கணித வடிவில் நிறுத்தியது. ஒரு துறை ஒரு ரூபாய் மதிப்புள்ள பொருளை ஆக்குவதற்குப் பிற துறைகளிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்பது உள்ளீட்டுக் கெழு எனப்பட்டது. இக்கெழுக்களிலிருந்து பெறப்படும் நேர்மாறு அணி, ஒரு துறையின் இறுதித் தேவை உயர்ந்தால் எல்லாத் துறைகளிலும் ஏற்படும் நேரடி, மறைமுக விளைவுகளைத் தருகிறது. இப்பணிக்காக லியோன்டிஃப் 1973இல் நோபல் பரிசு பெற்றார்.

1956இல் ராஸ்முசென் இந்நேர்மாறு அணியின் நிரல் கூட்டுத்தொகைகளையும் நிரைக் கூட்டுத்தொகைகளையும் கொண்டு துறைகளை ஒப்பிடும் குறியெண்களை வகுத்தார். 1958இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன், ஒரு துறை தனக்கு வேண்டிய இடுபொருள்களை வாங்குவதால் பிற துறைகளைத் தூண்டுவதைப் பின்னோக்கு இணைப்பு என்றும், தன் விளைபொருளைப் பிற துறைகளுக்கு இடுபொருளாகத் தருவதை முன்னோக்கு இணைப்பு என்றும் பெயரிட்டு விளக்கினார். வேளாண்மையின் இணைப்புகள் பொதுவாக வலுவற்றவை என்பது அவர் முடிவு. 1961இல் ஜான்ஸ்டன், மெல்லர் ஆகியோர் இதை மறுத்து, வேளாண்மை உணவு, உழைப்பு, முதல், அந்நியச் செலாவணி, சந்தை ஆகியவற்றைத் தொழிலுக்கு வழங்குகிறது என்று வாதிட்டனர். மெல்லர் பின்னர் நுகர்வு இணைப்புக்கு முதன்மை தந்தார். உழவர் வருமானம் உயரும்போது அவர் வாங்கும் உள்ளூர்ப் பொருள்களும் சேவைகளுமே கிராமப்புறத் தொழிலை வளர்ப்பன என்பது அவர் கோட்பாட்டின் சாரம்.

இந்திய அரசின் மத்தியப் புள்ளியியல் நிறுவனம் 1968–69ஆம் ஆண்டிற்கான உள்ளீடு–வெளியீடு அட்டவணையைத் தொடக்கமாகக் கொண்டு நாட்டளவிலான அட்டவணைகளை வெளியிட்டு வந்தது. நாட்டளவிலான அட்டவணையில் ‘பருத்தி’ ஒரே வரிசை. கரிசலில் விளைந்த கருங்கண்ணியும் பாசனத்தில் விளைந்த நீளிழைப் பருத்தியும் அங்கு ஒன்றாகவே நிற்கும். வட்டாரத்தை ஆராய்வோர் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

3. வட ஆர்க்காட்டு முன்மாதிரி

அவ்வழியைக் காட்டியது பெல், ஹேசல், ஸ்லேடு ஆகியோர் மலேசியாவின் மூடா பாசனத் திட்டம் பற்றி 1982இல் வெளியிட்ட நூல். தமிழகத்தில் இதற்கு இணையானது, பீட்டர் ஹேசலும் சி. இராமசாமியும் 1991இல் வெளியிட்ட வட ஆர்க்காடு மாவட்டப் பசுமைப் புரட்சி ஆய்வு. 1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் மேற்கொண்ட கள ஆய்வையும், 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் நடத்திய மறு ஆய்வையும் அது பயன்படுத்தியது. வேளாண்மையில் கூடுதலாகப் பிறந்த ஒவ்வொரு ரூபாய் மதிப்பும் வட்டாரத்தின் வேளாண் சாராத துறைகளில் மேலும் 87 காசு மதிப்பைத் தோற்றுவித்தது என்பது அதன் புகழ்பெற்ற முடிவு.

பார்பரா ஹாரிஸ் 1987இல் எழுதிய கட்டுரைகள், இவ்வகை வட்டாரப் பெருக்கி வாதத்தை ஐயுற்றன. வட்டாரத்தின் எல்லையை எங்கே வரைவது, கிராமத்தார் வாங்கும் பொருள்களில் எவ்வளவு உண்மையில் உள்ளூரில் ஆக்கப்பட்டவை, வணிகரின் இலாபம் எங்கே செல்கிறது ஆகிய வினாக்கள் அவ்விவாதத்தில் முன்னின்றன.

இவ்விவாதத்தின் கணித உள்ளீட்டை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஓர் உழவர் குடும்பம் தனக்குக் கூடுதலாகக் கிடைத்த ஒரு ரூபாயில் 80 காசைச் செலவிடுவதாகக் கொள்வோம். அச்செலவில் பாதி உள்ளூரில் ஆக்கப்பட்ட பொருளுக்கும் சேவைக்கும் சென்றால், ஒவ்வொரு சுற்றிலும் 40 காசு உள்ளூரில் தங்கும். பெருக்கி ஏறத்தாழ 1.67 ஆகும். பத்தில் மூன்று பங்கே உள்ளூரில் தங்கினால் ஒரு சுற்றில் நிற்பது 24 காசு, பெருக்கி 1.32ஆகச் சுருங்கும். உழவரின் செலவு மனப்பான்மை மாறவில்லை. பொருள் எங்கிருந்து வந்தது என்பது மட்டுமே மாறியது. ஆகவே வட்டாரப் பெருக்கி என்பது வேளாண்மையின் ஆற்றலை மட்டும் காட்டும் எண் ஆகாது. வட்டாரத்தின் கசிவையும் சேர்த்தே காட்டும் எண் அது. இவ்வுண்மை கரிசலுக்குப் பெரிதும் பொருந்துவது.

4. கரிசல் வட்டாரம்: எல்லையும் இயல்பும்

டேவிட் லட்டன் 1985இல் வெளியிட்ட திருநெல்வேலி உழவர் வரலாற்று நூல், அம்மாவட்டத்தை நன்செய் மண்டலம், கலப்பு மண்டலம், வறண்ட மண்டலம் எனப் பிரித்துக் காண்கிறது. தாமிரவருணிக் கரையின் நெல் வேளாண்மைக்கும் வடகிழக்குக் கரிசலின் பருத்தி, தானிய வேளாண்மைக்கும் இடையே சமூக அமைப்பு, நில உடைமை, வணிகம் அனைத்திலும் வேறுபாடு உண்டு என்பது அவர் காட்டும் செய்தி. இவ்வாறு இயற்கையும் வரலாறும் வகுத்த கரிசலை நிருவாக எல்லைகள் பலமுறை துண்டாடின. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது திருநெல்வேலியிலிருந்த சாத்தூர்ப் பகுதி அதனுடன் சேர்ந்தது. 1985இல் விருதுநகரும், 1986இல் தூத்துக்குடியும் தனி மாவட்டங்களாயின. ஒரே மண்ணும் ஒரே சந்தையும் கொண்ட நிலம் மாவட்டப் புள்ளிவிவரங்களில் இரண்டு, மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது. மாவட்டத்தையே வட்டாரமாகக் கொண்டு இணைப்பை அளவிடும் ஆய்வு, இங்குச் சாத்தூர்த் தீப்பெட்டியையும் எட்டயபுரத்துப் பருத்தியையும் வெவ்வேறு பொருளாதாரங்களின் உறுப்புகளாகக் காணும்.

கரிசல் வேளாண்மை வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. மண் பிடித்து வைத்த ஈரத்தில் பயிர் வளர்ச்சி. தை தொடங்கித் தானிய அறுவடை. மாசி முதல் சித்திரை வரை பருத்தி எடுப்பு. அதன்பின் அடுத்த மழை வரை நீண்ட ஓய்வுக்காலம். பருத்தியோடு கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசி, மல்லி, வத்தல் ஆகியனவும் பயிராகும். இம்மண்ணின் பயிர்களை ஆராய 1901இலேயே கோவில்பட்டியில் அரசு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை நிறுவப்பட்டமை, பருத்தியின் மீது காலனிய அரசு கொண்டிருந்த அக்கறையைக் காட்டும்.

மரபு வேளாண்மையின் பின்னோக்கு இணைப்புகள் ஊருக்குள் நின்றன. ஏரும் வண்டியும் தச்சரும் கொல்லரும் செய்தவை, விதை சொந்தக் குதிரிலிருந்தது, எரு தொழுவத்திலிருந்தது, கைவினைஞர்க்குரிய ஊதியம் களத்தில் தானியமாக அளக்கப்பட்டது. பருத்தி எடுத்தவர்க்கு எடுத்த பருத்தியிலேயே ஒரு பங்கு கூலியாயிற்று. அப்பருத்தியே கடையில் பண்டமாற்றுப் பொருளாகவும் வழங்கிற்று. பணத்தைக் காணாத இப்பரிமாற்றங்கள் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. ‘பின்னோக்கு இணைப்பு குறைவு’ என்னும் மதிப்பீட்டில் ஒரு பகுதி, கணக்கெழுதும் முறையின் விளைவே.

5. பருத்தி: வெளிநோக்கிய முன்னோக்கு இணைப்பு

திருநெல்வேலிக் கரிசல் பருத்தி, உலகச் சந்தையில் ‘டின்னவெல்லி’ என்ற பெயரால் அறியப்பட்டது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் லங்காஷயர் ஆலைகளுக்குரிய பருத்தி வரத்தைத் தடுத்தபோது இந்தியப் பருத்தியின் விலை ஏறியது; கரிசலும் அதில் பங்குபெற்றது. 1876இல் மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கோவில்பட்டி, சாத்தூர், விருதுப்பட்டி ஆகிய ஊர்கள் இப்பாதையின் நிலையங்களாகிப் பருத்திச் சந்தைகளாக வளர்ந்தன. இருப்புப்பாதை வந்த அதே ஆண்டில் தாது வருடப் பஞ்சம் தொடங்கியதும் நினைவிற்கொள்ளத்தக்கது. பஞ்சும் தவசமும் தூரச் சந்தையோடு பிணைந்தன. அச்சந்தையின் ஏற்ற இறக்கங்களும் ஊருக்குள் வந்தன.

1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவியின் நீர்விசையைக் கொண்டு நூற்பாலை நிறுவினர். தூத்துக்குடியில் கோரல் ஆலை எழுந்தது. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வழிநடத்திய வ.உ.சிதம்பரனார் கரிசலின் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர். கோவில்பட்டியிலும் நூற்பாலைகள் தோன்றின. லாயல் ஆலையும் லட்சுமி ஆலையும் அந்நகரின் அடையாளங்களாயின. பருத்தி – அரவை – நூல் என்னும் முன்னோக்கு இணைப்பு இவ்வாறு வட்டாரத்துக்குள் ஒரு பகுதி வேர்கொண்டது.

எல்லா முயற்சிகளும் வேர்கொள்ளவில்லை. பாரதியாரின் தந்தை சின்னச்சாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை தொடங்கிப் பொருளிழந்தார் என்பது பாரதி வரலாற்றாசிரியர் பலர் பதிவுசெய்த செய்தி. மூலப்பொருள் காலடியில் விளைவது மட்டுமே தொழிலுக்குப் போதுமானதன்று. இயந்திரம், கடன், சந்தை ஆகியவற்றை ஆள்பவரே இணைப்பின் பயனையும் ஆள்கின்றனர் என்பதற்கு இம்முயற்சியின் தோல்வியைச் சான்றாகக் கொள்ளலாம்.

அரவை ஆலைகளின் வருகை மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. முன்பு வீடுகளில் பெண்கள் கைமணையில் கொட்டை பிரித்தனர். பஞ்சு சந்தைக்குச் சென்றது, கொட்டை வீட்டு மாட்டுக்குத் தீவனமாயிற்று, பருத்திமார் அடுப்புக்காயிற்று. அரவை ஆலைக்கு மாறியபின் முன்னோக்கு இணைப்பின் குறியெண் உயர்கிறது. ஏனெனில் வீட்டு வேலை இப்போது தொழில்துறையின் மதிப்புக்கூட்டலாகக் கணக்கில் ஏறுகிறது. பெண்களின் கைமணை வருவாய் நின்றுபோனதும், கொட்டையைக் காசுகொடுத்து வாங்க நேர்ந்ததும் அக்குறியெண்ணில் தெரிவதில்லை. இணைப்பு எண் உயர்வதையும் வட்டார மக்களின் வருமானம் உயர்வதையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு என்பது இதனால் பெறப்படும்.

6. மகமையும் வங்கியும்: முதல் வழி இணைப்பு

கரிசல் விளைபொருள் வணிகத்தில் முன்னணியில் நின்ற நாடார் சமூகத்தார், சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் பேட்டைகளை அமைத்தனர். வண்டியும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்கிய இப்பேட்டைகளில் விற்பனைச் சரக்கின் மீது சிறு தொகை மகமையாகத் தண்டப்பட்டது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் வரலாற்று நூல் இவ்வமைப்பை விரிவாக ஆராய்கிறது. மகமைப் பணம் கோயிலுக்கும் கிணற்றுக்கும் மட்டுமன்றிப் பள்ளிக்கும் சென்றது. விருதுநகரில் 1889இல் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை அதன் சிறந்த விளைவு. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்னும் பெயர் பெற்றது.

இதனை இணைப்பு அளவீட்டின் மொழியில் கூறுவதாயின்: பருத்தி மூட்டையின் மீது தண்டிய சிறு தொகை, ஒரு தலைமுறைக்குப்பின் கணக்கெழுதத் தெரிந்த வணிகராகவும், தொழில் தொடங்கும் கடனாகவும் திரும்பியது. ஓராண்டின் கொடுக்கல் வாங்கலை மட்டும் பதிவுசெய்யும் அட்டவணை, முப்பதாண்டு இடைவெளியில் நிகழும் இவ்விணைப்பைக் காணாது. அதே வேளையில் இம்முதல் எவரிடமிருந்து திரண்டது, எவரிடம் சேர்ந்தது என்பதையும் மறத்தலாகாது. வேளாண் உபரி வணிகர் கையில் தொழில் முதலாயிற்று. உழுதவர் வீட்டில் அது கடனாகவும் நின்றது. எட்டயபுரம் முதலிய ஜமீன்களுக்குச் சென்ற தீர்வை, 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரை மற்றொரு கசிவாக இருந்தது.

7. தீப்பெட்டி: அட்டவணையில் பூச்சியம்

1922இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். அங்குத் தொடங்கிய தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் எனக் கரிசல் முழுதும் பரவியது. இத்தொழிலின் உள்ளீடுகளை நோக்குக. குச்சிக்குரிய மென்மரம் கேரளத்திலிருந்து வந்தது. பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பாஸ்பரஸ், மெழுகு, காகிதம் யாவும் வெளியிலிருந்து வந்தன. கரிசல் நிலத்தில் விளைந்த எதுவும் தீப்பெட்டிக்குள் இல்லை. ஆக்கிய பெட்டியோ நாடெங்கும் சென்றது. உள்ளீடு–வெளியீடு அட்டவணையில் கரிசல் வேளாண்மைக்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் இடைப்பட்ட கட்டத்தில் எழுதவேண்டிய எண் ஏறத்தாழப் பூச்சியமே.

ஆயின் வட்டாரத்தை அறிந்த எவரும் அப்பூச்சியத்தை ஏற்கமாட்டார். ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று மக்கள் வழங்கிய இடங்களில் கட்டை அடுக்கியவர்களும், வீட்டுத் திண்ணையில் அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டியவர்களும் மானாவாரிக் குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளுமே. மருந்து முக்கிய குச்சியும் ஒட்டிய பெட்டியும் காய வெயில் வேண்டும். வேளாண்மைக்கு மழை வேண்டும். வெள்ளாமை ஓய்ந்த வெயில் மாதங்களே தீப்பெட்டிக்கு ஏற்ற மாதங்கள். இரு துறைகளும் ஒரே குடும்பத்தின் உழைப்பை ஆண்டின் இரு பாதிகளில் பங்கிட்டுக்கொண்டன. மழை பொய்த்த ஆண்டில் அப்பங்கீடு குலைந்து, தொழிலின் பக்கம் ஆள் பெருகுவது இயல்பு.

இங்கே இணைப்பின் திசைக்குறியே மாறுகிறது. பெருக்கிக் கோட்பாட்டில் வேளாண் வருமானம் உயர்ந்தால் பிற துறைகள் வளரும். உறவு நேர்க்குறி உடையது. கரிசலில் வேளாண் வருமானத்தின் தாழ்வே குறைகூலி உழைப்பைத் தொழிலுக்கு வழங்கியது. உறவு எதிர்க்குறி கொண்டது. மேலும், கூலி குறைவாக இருக்க முடிந்ததற்கு வீட்டுக் குதிரிலிருந்த கம்பும் சோளமும் ஒரு காரணம். முழு ஆண்டுக்கும் ஒரு குடும்பத்தைப் பேணும் கூலியைத் தொழில் தரவேண்டியதில்லை. ஒரு பகுதியை நிலம் தந்தது. கைத்தொழிலாக நடந்த தீப்பெட்டி, இயந்திர ஆலைகளின் போட்டியைத் தாங்கி நின்றதில் வரிச்சலுகைக்குப் பங்கு உண்டு என்பர். அச்சலுகைக்கு அப்பால் மானாவாரி வேளாண்மை அளித்த கணக்கில் வாராத மானியம் ஒன்றும் உண்டு என்பது இக்கட்டுரையின் முடிபு.

அம்மானியத்தின் பெருஞ்சுமையைச் சுமந்தவர் குழந்தைகள். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தை உழைப்பு தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 திசம்பரில் அளித்த தீர்ப்பு, ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் இழப்பீட்டை வேலையளித்தவர் செலுத்தவேண்டும் என்றது. அக்குழந்தைக்கு மாற்றாகக் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை தர அரசு முயலவேண்டும், இயலாதபோது 5,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றும் பணித்தது. குழந்தை ஆபீசுக்குச் செல்வதன் காரணம் வீட்டின் வருமானக் குறைவு என்பதை நீதிமன்றம் ஏற்றது. வேளாண்மைக்கும் தொழிலுக்கும் இடையே அட்டவணை காணாத இணைப்பைத் தீர்ப்பு கண்டது எனலாம்.

8. நுகர்வு இணைப்பும் இணைப்பு அறுதலும்

நுகர்வு வழி இணைப்புக்குக் கோவில்பட்டியில் எடுத்துக்காட்டத்தக்கது கடலை மிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பண்டம், சுற்றுவட்டார நிலக்கடலைக்கு உள்ளூரிலேயே மதிப்புக்கூட்டும் தொழில். எனினும் வெல்லத்திற்குரிய கரும்பு நீர்ப்பாசனப் பயிராதலின் அது பிற பகுதிகளைச் சார்ந்தது. ஒரு சிறு மிட்டாயிலேயே உள்ளூர் இணைப்பும் கசிவும் அருகருகே இருப்பதை இங்குக் காண்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நூற்பாலைகள் நீளிழைப் பருத்தியை நாடின. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கருங்கண்ணி வகைகள் வறட்சியைத் தாங்கின. ஆயின் குறுகிய இழை ஆலைகளின் புதிய தேவைக்கு உகந்ததாயில்லை. ஆலை கோவில்பட்டியில் இருக்க, பஞ்சு வெளிமாநிலங்களிலிருந்து வந்தது. நகரில் ஆலையும் சுற்றிலும் கரிசலும் இருந்தும், அவற்றைப் பிணைத்த நூல் அறுந்தது. தொழிலும் வேளாண்மையும் ஒரே இடத்தில் அமைவதே இணைப்பாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பருத்தி விட்ட இடத்தில் மக்காச்சோளம் பரவியது. அதன் முன்னோக்கு இணைப்பு நாமக்கல் முதலிய இடங்களின் கோழித்தீவனத்தோடு அமைந்தது. மதிப்புக்கூட்டல் வட்டாரத்திற்கு வெளியே நிகழ்கிறது. 2018இல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கப் படைப்புழு தமிழக மக்காச்சோளத்தைத் தாக்கியபோது, விதையும் மருந்தும் கடையில் வாங்கிச் செய்த வெள்ளாமையின் இழப்பு முழுவதும் சம்சாரியின் தலையில் விழுந்தது. பணங்கொடுத்து வாங்கும் இடுபொருள் பெருகியதால் பின்னோக்கு இணைப்பின் குறியெண் மரபு வேளாண்மையைக் காட்டிலும் இப்போது உயர்வாகவே தோன்றும். உயர்ந்தது எண், உடன் உயர்ந்தது கடனும் இடரும். உழவு நின்ற புஞ்சைகளில் வேலிக்கருவை படர்ந்து, கரிமூட்டம் போடுவது ஒரு தொழிலாயிற்று. வேளாண்மை மறைந்த இடத்தில் பிறந்த இத்தொழிலை எத்துறையின் இணைப்பாகக் கணக்கிடுவது என்பதும் ஆய்வாளர் எண்ணத்தக்கது.

9. கரிசலுக்குரிய அளவீட்டுச் சட்டகம்

மேற்கூறியவற்றிலிருந்து கரிசல் வட்டாரத்துக்கு ஐந்து கணக்குகளைத் தனித்தனியே எழுதிப் பின்னர் சேர்த்துக் காணுதல் வேண்டும்.

முதலாவது, சரக்குக் கணக்கு. வழக்கமான முன்னோக்கு, பின்னோக்கு இணைப்புகள் இதில் அடங்கும். ஒவ்வொரு உள்ளீடும் வட்டாரத்துக்குள் பிறந்ததா, வெளியிலிருந்து வந்ததா எனப் பிரித்தெழுத வேண்டும். இரண்டாவது, உழைப்புக் கணக்கு. ஒரே குடும்பத்தின் வேலை நாட்களை மாதவாரியாக வேளாண்மை, ஆபீஸ், வீட்டு வேலை எனப் பகுத்து, மழை பெய்த ஆண்டையும் பொய்த்த ஆண்டையும் ஒப்பிட வேண்டும். மூன்றாவது, முதல் கணக்கு. மகமை, கடன், வணிக இலாபம் ஆகியவற்றின் பாய்ச்சலை நெடுங்கால அளவில் காண்பது. நான்காவது, நுகர்வுக் கணக்கு. கசிவின் அளவை இதுவே தரும். ஐந்தாவது, காசற்ற பரிமாற்றக் கணக்கு. தானியக் கூலி, தீவனம், விறகு, வீட்டுத் தவசம் ஆகியன இதில் மதிப்பிடப்படும்.

இவற்றிற்கு வரலாற்றுச் சான்றுகள் உள்ளன. ஹெச்.ஆர். பேட் எழுதி 1917இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடி, ஊர்க் கணக்குகள், சங்கங்களின் மகமைப் பதிவேடுகள் ஆகியவை அவற்றுட் சில. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவரைக் கொண்டு ஆய்ந்து 1918இல் வெளியிட்ட தென்னிந்திய கிராமங்களுள் வடமலைபுரமும் கங்கைகொண்டானும் இடம்பெற்றன. பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் மறு ஆய்வு 1940இல் வெளிவந்தது. 1980களில் வெங்கடேஷ் ஆத்ரேயா இவ்விரு ஊர்களையும் மீண்டும் ஆய்ந்தார். எழுபதாண்டுக் காலத்தில் மும்முறை ஆய்வுக்குட்பட்ட ஊர்கள் இவை. இவற்றோடு கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியையும் சேர்த்துக்கொள்ளலாம். கூலி, அளவை, கைவினைஞர் உரிமை ஆகியவற்றுக்கு ஒரு வட்டாரத்தில் எத்தனை சொற்கள் வழங்கின என்பது, காசற்ற பரிமாற்றத்தின் பரப்பை அறிய உதவும் சான்றே.

10. முடிவுரை

வட்டாரப் பெருக்கி என்னும் எண் வேளாண்மையின் ஆற்றலையும் வட்டாரத்தின் கசிவையும் சேர்த்தே காட்டுவதால், பாசன வட்டாரத்தின் எண்ணையும் மானாவாரி வட்டாரத்தின் எண்ணையும் நேரடியாக ஒப்பிடுதல் பொருந்தாது. கரிசலில் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் இடைப்பட்ட முதன்மை இணைப்புகள் சரக்கைக் காட்டிலும் உழைப்பு, முதல் ஆகியவற்றின் வழியே அமைந்தன. அவற்றுள் உழைப்பு இணைப்பு எதிர்க்குறி கொண்டது. தொழில் வளர்ச்சிக்கு வேளாண் வளம் அன்றி வேளாண் வறுமையே துணைநின்றது. காசில்லாப் பரிமாற்றம் காசுப் பரிமாற்றமாக மாறுமிடத்து இணைப்புக் குறியெண் உயர்வது வளர்ச்சிக்குச் சான்றாகாது.

இம்முடிவுகளிலிருந்து ஒரு நடைமுறைக் கருத்தும் பிறக்கிறது. மானாவாரி வேளாண்மை பிற துறைகளைத் தூண்டுவதில்லை என்று கூறி அதில் முதலீட்டைக் குறைக்கும் கொள்கை, அவ்வேளாண்மை நூறாண்டுகளாகத் தொழிலுக்கு அளித்துவந்த மானியத்தைக் காணாத கொள்கையாகும். கரிசலில் ஒரு கண்மாயைத் தூர்வாருவதும், வறட்சி தாங்கும் தானியத்திற்கு விலை உறுதி செய்வதும் உழவருக்கு மட்டும் பயன்படுவன அல்ல. ஆபீசில் கட்டை அடுக்கும் பெண் தன் கூலிக்குப் பேரம் பேசும் வலிமையும் அவற்றைச் சார்ந்தே நிற்கிறது. எதிர்கால ஆய்வுகள் அவ்வலிமையையும் ஓர் இணைப்பாகக் கொண்டு அளவிட முற்படுமாயின், கோவில்பட்டியின் கணக்கு நிறைவுபெறும்.